செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரும் அரங்கு

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மிடில்டவுன் என்ற சிறு நகரத்தில் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறி நிற்கின்றன. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் ‘உலக இசை அரங்கு’ வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்து கிடக்கின்றன. உள்ளே சரஸ்வதி பூஜை. யார் வேண்டுமானாலும் தங்கள் வாத்தியத்தையும் ஏட்டையும் கொண்டுவந்து பூஜையில் வைக்கலாம் என்று நிகழ்ச்சி அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள். முந்தைய நாட்களில் கச்சேரியும் நடனமும் நடந்திருக்கும். இப்படி ஒரு நவராத்திரி விழா அங்கே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது.

அதே அரங்கில், வேறொரு வாரம், ஜாவாத் தீவின் காமெலான் இசை. வசந்தம் வந்ததும் வெளியே முற்றத்தில் மேற்கு ஆப்பிரிக்க முரசும் ஆட்டமும். சில அடி தூரத்தில் இன்னொரு அரங்கில் ஜாஸ். இந்த நான்கையும் நடத்துகிறவர்கள் ஒரே வளாகத்தில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள், அவர்களிடம் படிக்கும் மாணவர்கள்.

இன்றைய உரைக்கு உரிய பொருள் இதுதான்: உலக இசை, நடனம், ஜாஸ் என்று பல ஊர்க் கலைகளை ஒரே பருவத்தின் நிரலில் கோப்பது. லண்டன், நியூயார்க், பாரிஸ் என்று பெரிய நகரங்களில் இப்போது இத்தகைய பருவங்கள் எத்தனையோ உண்டு. விமானத்தில் வந்து, ஒருநாள் மாலை மேடையேறி, மறுநாள் அடுத்த ஊருக்குப் பறக்கும் குழுக்களின் வரிசை அது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நல்ல கலை நாலு பேருக்குத் தெரிகிறது. ஆனால் மிடில்டவுனில் நடந்தது வேறு. அங்கே கலைஞர்கள் குடிவந்தார்கள். வீடு பிடித்தார்கள், பனியில் நடந்து வகுப்புக்குப் போனார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், சிலர் அங்கேயே இறந்தும் போனார்கள். பருவத்தின் நிகழ்ச்சிகள் அந்த வாழ்க்கையிலிருந்து முளைத்தவை. அதனால்தான் அந்த ஊரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அங்கே முதலில் குடிவந்தவர்களில் ஒருவர் சென்னைக்காரர் என்பது நமக்குக் கூடுதல் காரணம்.

வெஸ்லியன் 1831-ல் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் தொடங்கிய கல்லூரி. பாதிரிமார்களும் துதிப்பாடல் குழுக்களும் நிறைந்த இடம். அங்கே 1947-ல் ஆசிரியராகச் சேர்ந்த டேவிட் மெக்காலிஸ்டர், அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் சடங்குப் பாடல்களை ஆராய்ந்தவர். 1955-ல் இன இசையியல் சங்கத்தைத் தொடங்கிய நால்வரில் அவரும் ஒருவர். ஐரோப்பிய இசை மட்டுமே இசை என்று கருதிய துறைக்குள் நவஹோ மருத்துவப் பாடகர்களின் குரலைக் கொண்டுவந்தவர் அவர்.

அவரை அடுத்து 1960-களின் தொடக்கத்தில் வந்தவர் ராபர்ட் பிரவுன். கலிபோர்னியாவில் படித்து, சென்னைக்கு வந்து, மிருதங்கத்தை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர். கையில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து பிறர் வாசிப்பதைக் குறிப்பெடுத்தால் போதாது, தானே வாசித்துக் கற்க வேண்டும் என்பது அவர் படித்த பள்ளியின் கொள்கை. சென்னையில் அவருக்குக் குருவாக அமைந்தவர் தஞ்சாவூர் ரங்கநாதன். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சிஷ்யர், வீணை தனம்மாளின் பேரன், பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி. ‘உலக இசை’ என்ற சொல்லைப் பல்கலைக்கழக வழக்கில் புழங்கவிட்டவர் என்று பிரவுனைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த பொருள் எளியது: உலகத்தின் எல்லா இசையும் ஒரு மாணவன் கையால் தொட்டுக் கற்கத் தக்கது.

1963-ல் ரங்கநாதன் வெஸ்லியனுக்குப் போனார். அமெரிக்க இளைஞர்கள் தரையில் சம்மணமிட்டு உட்காரவே சிரமப்பட்ட காலம். அவர்களுக்குத் ‘தகதிமி’ சொல்லிக் கொடுத்து, கையில் தாளம் போட வைத்து, சொல்கட்டு வாயில் நின்ற பிறகே மிருதங்கத்தைத் தொடவிட்டார். பிரவுன் தம் வீட்டில் கறியும் சோறும் சமைத்து, கூடவே கச்சேரியும் வைத்தார். ‘கறிக் கச்சேரி’ என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்தது. பெரிய மண்டபமும் ஒலிபெருக்கியும் இல்லாமல், சாப்பிட்ட கையோடு அருகில் உட்கார்ந்து கேட்கும் இசை. ஜார்ஜ் டவுனில் தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் நடந்த வீணைக் கச்சேரியும் இதே அளவுதான். பாட்டியின் வீட்டுக் கூடம் பேரனோடு கடல் தாண்டிப் போயிருக்கிறது என்று தோன்றுகிறது.

அதன் பிறகு கர்நாடக சங்கீத வித்வான்கள் ஒருவர் பின் ஒருவராக அங்கே தங்கிக் கற்பித்தார்கள். கே.வி.நாராயணசாமி போனார். ராம்நாட் கிருஷ்ணன் போனார். அந்தக் காலத்தில் அவர் ‘நான்சச்’ இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ‘வித்வான்’ இன்றும் ரசிகர்கள் பொக்கிஷமாக வைத்திருக்கும் தட்டு. அவர் தம்பி ராம்நாட் ராகவன் மிருதங்கம் கற்பித்தார். டாக்டர் எஸ்.ராமநாதன் வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக் கொடுத்தார். பாலசரஸ்வதி 1962-ல் முதல் அமெரிக்கப் பயணத்தின்போதே அங்கே தங்கினார். பிறகும் பலமுறை போனார்.

பாலசரஸ்வதியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1918-ல் பிறந்தவர், ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம் கண்டவர், கந்தப்பப் பிள்ளையின் சிஷ்யை. அவருடைய இளமைக் காலம் முழுவதும் அவர் பிறந்த மரபுக்கு எதிரான காற்று வீசிய காலம். 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனால் கலையைக் காத்துவந்த குடும்பங்கள் அந்தக் கலையிலிருந்தே விலகி நிற்க நேர்ந்தது. பாலா விலகவில்லை. 1961-ல் டோக்கியோவில் நடந்த கிழக்கு–மேற்கு இசைச் சந்திப்பில் ஆடினார். 1962-ல், மாசசூசெட்ஸ் மலைக்காட்டில் டெட் ஷான் நிறுவிய ‘ஜேக்கப்ஸ் பில்லோ’ நடன விழாவில் ஆடினார். பதம் பாடிக்கொண்டே அபிநயம் பிடிக்கும் அவர் முறையைக் கண்டு அமெரிக்க நடனக் கலைஞர்கள் வியந்தார்கள். பாட்டும் ஆட்டமும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நிகழ்வதை அவர்கள் அதுவரை கண்டது குறைவு. சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி விருது தந்தது 1973-ல். இசைக்கலைஞர்களுக்கே உரிய அந்த விருதைப் பெற்ற நடனக் கலைஞர் அவர் ஒருவரே.

வெஸ்லியன் மாணவர்களில் ஒருவர் ஜான் ஹிக்கின்ஸ். 1962-ல் அங்கே பட்டம் பெற்று, கர்நாடக சங்கீதத்தில் மனம் பறிகொடுத்து, 1964-ல் உதவித்தொகையில் சென்னைக்கு வந்து ரங்கநாதனின் தம்பி டி.விசுவநாதனிடம் பாட்டு கற்றார். திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் பாடினார். ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று தமிழ் ரசிகர்கள் சொந்தம் கொண்டாடினார்கள். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு பரதநாட்டியத்தின் இசையைப் பற்றியது. அதற்குப் பாலாவின் மரபே ஊற்று. பிறகு கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் திருச்சி சங்கரனுடன் சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். 1978-ல் வெஸ்லியனுக்கே திரும்பி, கலை மையத்தின் இயக்குநர் ஆனார். எந்த மாணவன் தரையில் உட்காரக் கற்றானோ அவனே பருவத்தின் நிரலை வகுக்கும் இடத்துக்கு வந்துவிட்டான். 1984 டிசம்பரில், நாயுடன் நடந்துபோய்க்கொண்டிருந்த அவரைக் குடித்துவிட்டு வண்டியோட்டிய ஒருவன் மோதிக் கொன்றான். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பாலா மறைந்திருந்தார். மூன்று ஆண்டுகளில் ரங்கநாதனும் போனார்.

ஜாஸ் அந்த வளாகத்துக்குள் வந்த கதை இவ்வளவு இனிமையானதல்ல. அதையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும்.

நவஹோ பாட்டையும் மிருதங்கத்தையும் வரவேற்ற அதே கல்லூரி, தன் வாசலிலேயே பிறந்த கறுப்பின மக்களின் இசைக்குப் பல ஆண்டுகள் இடம் தரவில்லை. 1969 பிப்ரவரி 21 அன்று, மால்கம் எக்ஸ் கொலையுண்ட நான்காம் ஆண்டு நினைவு நாளில், கறுப்பின மாணவர்கள் ஃபிஸ்க் ஹால் கட்டடத்தைக் கைப்பற்றி அமர்ந்தார்கள். தங்கள் வரலாறும் பண்பாடும் பாடத்திட்டத்தில் வர வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டுகளில்தான் ஜாஸ் கலைஞர் கிளிஃபோர்ட் தார்ன்டன் ஆசிரியராகச் சேர்ந்தார். சாம் ரிவர்ஸ், ஜிம்மி கேரிசன், எட் பிளாக்வெல் போன்ற பெரும் கலைஞர்கள் அவர் வழியாக வளாகத்துக்கு வந்தார்கள். ஏறக்குறைய அதே சமயம் கானா நாட்டிலிருந்து ஆபிரகாம் அட்சென்யா வந்து மேற்கு ஆப்பிரிக்க முரசும் நடனமும் கற்பிக்கத் தொடங்கினார். அவர் ஓய்வு பெற்றது 2016-ல். அவர் வகுப்பில் முரசு ஒருபுறம், ஆட்டம் ஒருபுறம் என்று பிரிக்க முடியாது. முரசடிப்பவனுக்கு ஆடுபவளின் கால் தெரிய வேண்டும். நட்டுவாங்கம் செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எட் பிளாக்வெல்லின் பெயர் நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டும். ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸில் 1929-ல் பிறந்தவர். அந்த ஊரின் தெரு ஊர்வல வாத்தியங்களைக் கேட்டு வளர்ந்தவர். சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் ஜாஸின் பழைய கட்டுகளை அறுத்தபோது அவருக்குப் பின்னால் டிரம்ஸ் வாசித்தவர். 1967-ல் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனுடன் ஆப்பிரிக்கப் பயணம் போய்வந்தபின் அவர் வாசிப்பு இன்னும் மாறியது. டிரம்ஸை அவர் மெட்டிசைக்கும் கருவியாகவே கேட்டார். ஒவ்வொரு தோலும் ஒரு குரல், ஒன்று கேட்க இன்னொன்று பதில் சொல்லும். சிறுநீரகம் பழுதாகி வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகள் டயாலிசிஸில் ஓட்டியவர், அந்த உடம்போடு வெஸ்லியனில் கற்பித்தார், கச்சேரி செய்தார், 1992-ல் மறைந்தார். ஒரே இசைத்துறையில் ஒரே காலத்தில் ரங்கநாதன் மிருதங்கத்திலும் பிளாக்வெல் டிரம்ஸிலும் அட்சென்யா ஆப்பிரிக்க முரசிலும் வகுப்பெடுத்தார்கள் என்றால், தாளம் கற்க விரும்பிய ஒரு மாணவனுக்கு அதைவிடப் பெரிய கொடுப்பினை உலகில் வேறெங்கும் இருந்திருக்க முடியாது.

தமிழ் ரசிகர்களுக்கு ஜாஸ் அந்நியமாகத் தோன்றுவது பழக்கக் குறைவால்தான். பன்னிரண்டு அளவைகள் கொண்ட ஒரு புளூஸ் சுற்றை எடுத்துக்கொண்டால், பாட்டு ஒருமுறை முழுதாக வரும். பிறகு அதே சுற்று திரும்பத் திரும்ப ஓட, சாக்ஸபோனோ பியானோவோ அதன்மேல் கற்பனையை விரிக்கும். பக்கத்தில் டபுள் பேஸும் டிரம்ஸும் சுற்றைக் கைவிடாமல் காக்கும். முடிவில் எல்லோரும் பாட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவி கேட்டவர்களுக்கு இந்த வழி தெரிந்த வழி. வேறுபாடு ஒன்று உண்டு: நம் வித்வான் ராகத்தின் சுரங்களுக்குள் நின்று விரிக்கிறார், ஜாஸ் கலைஞருக்குச் சுற்றின் ஒவ்வொரு இடத்திலும் அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டு மாறிக்கொண்டே இருக்கும். கற்பனை அந்த மாற்றத்தோடு சேர்ந்து நடக்க வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் ஒரு மாலைக்குள் காது திறந்துகொள்ளும்.

காமெலானுக்கு வேறு காது வேண்டும். வெண்கல மணிகளும் தட்டுகளும் கொண்ட பெருங்குழு. பெரிய கோங் ஒலிக்கும்போது ஒரு சுற்று நிறைவு பெறும். ஒவ்வொரு காமெலான் தொகுதியும் தனக்கென்று சுருதி வைத்திருக்கும். ஒன்றிலிருந்து ஒரு கருவியை எடுத்து இன்னொன்றில் சேர்க்க முடியாது. இது ஒரு குடும்பத்தைப் போல. காமெலான் வாசிப்பவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள், கருவியைத் தாண்டிக் கால் வைக்க மாட்டார்கள். வாத்தியத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜாவாக்காரரின் இந்த மரியாதை உடனே விளங்கும். வெஸ்லியனுக்கு 1972-ல் வந்த சுமர்சாம், இசை ஆசிரியர் மட்டுமல்ல, வாயாங் எனும் தோல்பாவை நிழற்கூத்தை நடத்தும் சூத்திரதாரியும் ஆவார். அந்தப் பாவைகள் சொல்வதும் பெரும்பாலும் ராமாயணமும் பாரதமும்தான். ஹர்ஜிதோ என்ற இசைக்கலைஞரும் அவர் மனைவி மாயெனியும் வந்து சேர்ந்தபின், ஜாவா நடனத்துக்கும் அங்கே வகுப்பு உண்டாயிற்று.

1973-ல் திறக்கப்பட்ட கலை மையத்தைக் கெவின் ரோச், ஜான் டிங்கலூ நிறுவனத்தார் வடிவமைத்தார்கள். சுண்ணாம்புக் கல் கட்டடங்கள், நடுவே புல்வெளி. அதில் உலக இசை அரங்கைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கவும் கேட்கவும் ஏற்ற இடமாக அமைத்தார்கள். கட்டடக் கலைஞர்கள் இசைக்குத் தக்க அரங்கு கட்டினார்கள். அரங்குக்குத் தக்கபடி இசையை மாற்றச் சொல்லவில்லை. நம் நகரங்களில் ஆயிரம் பேர் அமரும் குளிர்பதன அரங்கில் வீணையை ஒலிபெருக்கியில் முழக்குகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இப்படிப் பல மரபுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன விளையும்? கலப்படம் விளையும் என்ற அச்சம் நம்மிடையே உண்டு. நடந்தது என்ன என்று பார்க்கலாம். ஆங்கிலேய ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின் 1970-களின் தொடக்கத்தில் வெஸ்லியனில் டாக்டர் ராமநாதனிடம் வீணை கற்றார். அதே இடத்தில் ஆய்வு மாணவராக இருந்த வயலின் வித்வான் எல்.சங்கர், வயலின் பக்கவாத்தியம் பற்றி 1974-ல் முனைவர் பட்டம் பெற்றவர். இவர்கள் இருவரும் ராம்நாட் ராகவனும் சேர்ந்தார்கள். தபலாவுக்கு ஜாகிர் உசேனும், கடத்துக்கு விக்கு விநாயகராமும் வந்தார்கள். அதுதான் ‘சக்தி’. 1975 ஜூலையில் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரி முதல் இசைத்தட்டாக வந்தது. மெக்லாலின் கிதாரில் கமகம் வந்தது என்றால், ஒரு பட்டறையில் கேட்டுப் பொறுக்கியது அல்ல. வீணை மடியில் வைத்துப் பாடம் எடுத்துக்கொண்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2024 பிப்ரவரியில், ‘சக்தி’யின் புதிய தட்டு கிராமி விருது பெற்றது.

இன்னோர் எடுத்துக்காட்டு ஆண்டனி பிராக்ஸ்டன். சிகாகோவில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர். 1990 முதல் 2013 வரை வெஸ்லியனில் ஆசிரியர். அங்கே அமெரிக்கப் பூர்வகுடி இசையைப் படித்ததன் விளைவாக, 1995-ல், நிற்காமல் ஓடும் ஒரு நீண்ட சுரவரிசையை அடித்தளமாகக் கொண்ட புதிய இசைவகை ஒன்றை உருவாக்கினார். பூர்வகுடிகளின் ஆவி நடனச் சடங்கே அதற்குத் தூண்டுதல். அவர் வகுப்பில் உயிரியல் படிக்க வந்திருந்த ஒரு பெண் உட்கார்ந்து, படிப்பையே இசைக்கு மாற்றிக்கொண்டார்: மேரி ஹால்வர்சன், இன்றைய ஜாஸ் கிதாரின் முன்னணிக் கலைஞர்.

இவை கலப்படம் அல்ல. ரங்கநாதனின் மாணவர் டேவிட் நெல்சன் 2008-ல் சொல்கட்டுக்கு ஒரு பாடநூல் எழுதினார்; அதில் ஒரு சொல் இடம் மாறவில்லை. விசுவநாதன் 1975 முதல் 2002-ல் இறக்கும் வரை அங்கே குழல் வாசித்தார், பாடினார். அவர் பதம் பாடினால் தனம்மாள் வீட்டுப் பாணிதான். அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது அவருக்கு 1992-ல் கிடைத்தது. அடுத்த வீட்டில் ஜாஸ் ஒலித்ததால் அவர் பதம் கெட்டுப்போகவில்லை.

‘உலக இசை’ என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1987-ல் லண்டன் மதுக்கடை ஒன்றில் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தார், கடைகளில் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாத தட்டுகளுக்கெல்லாம் இதே பெயரைச் சூட்டினார்கள். விற்பனைக்கு அது உதவியது. ஆனால் பிரவுன் கொடுத்த விரிந்த பொருள் சுருங்கி, ‘மேற்கல்லாத மற்றவை’ என்றாகிவிட்டது. அரிய குடி மரபுகளும் ஆயிரமாண்டு சாஸ்திரங்களும் ஒரே அலமாரியில். 2020-ல் கிராமி அமைப்பே அந்தப் பெயரைக் கைவிட்டு ‘குளோபல்’ என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும் அலமாரி மாறவில்லை என்பதே நேர்மையான மதிப்பீடு.

வெஸ்லியனையும் சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது. அது வசதி படைத்த தனியார் பல்கலைக்கழகம். அதன் கட்டணத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. ஆனாலும் பணத்தால் மட்டும் இது நடந்துவிடவில்லை. அதைவிடப் பணக்காரக் கல்லூரிகள் பல இருந்தும், மிருதங்கக்காரருக்கு ஆசிரியர் நாற்காலி தர அவை முன்வரவில்லை.

அவையோரே, இனி நம் ஊர். டிசம்பர் வந்தால் சென்னையில் நூற்றுக்கணக்கான கச்சேரிகள். 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து கிளைத்த பருவம் இது, விரைவில் நூறாண்டு. வெளிநாட்டவர் வந்து நம் சங்கீதம் கற்று நம் மேடையில் பாடினால் கைதட்டி மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஹிக்கின்ஸுக்குக் கிடைத்த அன்பு உண்மையான அன்பு. ஆனால் மயிலாப்பூரில் ஒரு தெருவில் ஜாவாக்காரர் ஒருவர் இரண்டு ஆண்டு குடியிருந்து நம் பிள்ளைகளுக்குக் காமெலான் கற்பித்தார், தண்டையார்பேட்டையில் கானா நாட்டு முரசுக் கலைஞர் ஒருவர் பறை ஆசான்களோடு சேர்ந்து வகுப்பு நடத்தினார் என்ற செய்தியை இன்னும் கேட்கவில்லை. மிடில்டவுன்காரர்கள் நம் ரங்கநாதனுக்குச் செய்ததை நாம் இன்னும் யாருக்கும் செய்யவில்லை.

இதற்குக் கோடிகள் வேண்டாம். ஒரு வாடகை வீடு, ஈராண்டுச் சம்பளம், வாரத்துக்கு நான்கு வகுப்புகளுக்கு ஒரு கூடம், ஆண்டு இறுதியில் மாணவர்களோடு ஒரு கச்சேரி. இசைக் கல்லூரிகளும் சபாக்களும் சேர்ந்தால் அடுத்த மார்கழிக்குள் தொடங்கிவிடலாம். இந்த மண்டபத்தில் சபாச் செயலர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்பதே இந்த உரையின் வேண்டுகோள்.